பனை அட்டையும் புல் அட்டையும்

என் வீட்டுக்காரர் ஜனவரி முதல் தேதி காலை பதினோரு மணிக்குச் சாக ஆரம்பித்தார். இரண்டு வாரம் அந்த வேலையை முழு மனதோடு செய்தார். துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டிய முப்பத்தைந்து வருடத்தில்கூட அவர் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டையால் வந்தது.

ராயபுரத்தில் எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வேத வசனம்தான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்கிற வாக்கு. இது லாட்டரி மாதிரி இருக்கிறதே என்று நான் ஒருமுறை சொல்லப்போய், பெண்கள் கூட்டத்தில் இரண்டு வாரம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆனால் லாட்டரியில் நமக்கு விழாமல் போகலாம். இதில் எல்லோருக்கும் விழும். உன்னை ஆசீர்வதிப்பேன், உன்னைக் கைவிடமாட்டேன் என்று எல்லாமே நல்ல வசனம். வருடப் பிறப்பும் அதுவுமாக ‘நீ மண்ணுக்குப் போவாய்’ என்று யாராவது அச்சடிப்பார்களா?

என் வீட்டுக்காரருக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு கண்ணிலும் புரை. என்னைப் பார்த்தால் புகைக்குப் புடவை கட்டினது போலத் தெரிகிறது என்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் இப்படி அழகாக இருந்ததே இல்லையாம். பொங்கல் கழிந்த மறுவாரம் ஆபரேஷனுக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஆபரேஷன் அவரைவிட எனக்குத்தான் அவசரம். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் எழுத்தைப் படிப்பேன், வேதப் புத்தகத்தின் எறும்பு எழுத்து எனக்கு எட்டாது. அதனால் சாயங்கால டீ முடிந்ததும் அவர் சத்தமாக வாசிப்பார், நான் குறுக்கே பேசுவேன். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டில் இருந்த மாதங்கள் தவிர இதில் நாங்கள் லீவு போட்டதில்லை. கண் மங்கிய பிறகு ஒரு வருடமாக அது நின்றுபோயிருந்தது. மருமகள் வாசித்துக் காட்டுவாள். அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வேதத்தைத் தலைகீழாகச் சொல்லுவாள். அவள் வாசித்தால் குற்றமே இருக்காது. சண்டை போட இடமில்லாத இடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. எனக்கு இவர்தான் வேண்டும். தடுக்கித் தடுக்கி வாசித்து, நான் கேள்வி கேட்டால் கோபம் வந்து, “குறுக்க பேசாதடி” என்று சொல்ல இவர் வேண்டும்.

அன்றைக்கு சர்ச்சில் அட்டை எடுக்கக் கூப்பிட்டதும் இவர் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“படி தெரியாம உய்ந்து வெச்சேன்னா மானம் பூடும். எனக்கும் சேத்து நீயே எட்துகினு வா.”

நான் போய் இரண்டு அட்டை எடுத்தேன். பைக்குள் போட்டேன். என் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் மாத்திரை, விசிறி, சீப்பு, பழைய காணிக்கைக் கவர், பிய்ந்துபோன ஜெபமாலை மாதிரி ஒரு பாசிமணி, எல்லாம் கிடக்கும். கை விட்டால் கைதான் திரும்பி வரும், தேடினது வராது.

வீட்டுக்கு வந்து கையை விட்டுத் துழாவி இரண்டு அட்டைகளை எடுத்து மருமகளிடம் கொடுத்தேன். அவள் முதல் அட்டையை வாசித்தாள். நீதிமான் பனையைப் போலச் செழிப்பான் என்று போட்டிருந்தது. பக்கத்தில் பனைமரப் படம்கூட இருந்தது.

“அது என்து!” என்றேன், பிடுங்காத குறையாக.

“அத்தை, எது யாருதுன்னு எப்படித் தெரியும்?”

“படம் போட்டது என்து. சொம்மா அடுத்தத்த படிம்மா.”

அவள் அடுத்ததை எடுத்தாள். மனிதனுடைய நாட்கள் புல்லைப் போல, வயல்வெளிப் பூவைப் போல, அதன்மேல் காற்று அடித்ததும் அது இல்லாமல் போகும் என்று வாசித்தாள். வாசித்துவிட்டு அவளே முழித்தாள். மேற்கொண்டு பார்ப்பதற்குள் இவர் கையை நீட்டி அட்டையைப் பிடுங்கி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“புரிஞ்சிபோச்சி,” என்றார்.

“இன்னாய்யா புரிஞ்சிது?”

“ஆண்டவரு நோட்டீஸ் குட்த்துட்டாரு.”

அதோடு போய்ப் படுத்தார். அப்போது மணி பதினொன்று.

மறுநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொன்னார். துறைமுக யூனிபாரத்தில் எடுத்தது என்று ஒன்றைக் கண்ணருகே வைத்துத் தடவிப் பார்த்து, “இத்த பெர்சு பண்ணி மாட்டுங்க, இதுல மீச நல்லா வந்துகீது” என்றார். அவர் எடுத்துக் கொடுத்தது அவருடைய தம்பியின் போட்டோ. நான் சொல்லவில்லை. நாலாம் நாள் எந்தப் பாட்டு பாட வேண்டும், சவப்பெட்டியை யார் யார் தூக்க வேண்டும் என்றார். எதிர்வீட்டுக்காரர் தூக்கக் கூடாதாம். குள்ளமானவர், பெட்டி சாயுமாம்.

“சாவறதுன்னா சீக்கிரம் சாவுய்யா, கொயம்பு ஆறுது” என்றேன். வந்து சாப்பிட்டார். சாகிறவர் அத்தனை சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இதுவரை எனக்குச் சிரிப்புதான். ஐந்தாம் நாள் சிரிப்பு நின்றது.

“ஆபரேசனுக்கு வரலன்னு ஆஸ்பத்திரில சொல்லிடு. மிஞ்சினா இந்த ஒரு வருசம் பாக்கறதுக்கு இன்னாத்துக்குப் புதுக் கண்ணு? வேற யாருக்காவது அந்த டாக்டரு டைம் ஒதவட்டும்.”

இந்த மனிதர் சும்மா சொல்கிறவர் இல்லை. புகையிலையை விடுகிறேன் என்று ஒருநாள் சொன்னார், விட்டார். மாமியார் வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்றார், என் அம்மா போய்ச் சேருகிறவரை வரவில்லை. விட்டால் இந்தக் கண் இருட்டிப்போகும் என்று எனக்குத் தெரிந்தது. அதோடு என் சாயங்காலங்களும்.

மருமகள் மாமனாருக்கு ஆறுதல் சொல்லப் போனாள். “மாமா, அந்தப் பனை இருக்க சங்கீதத்தையே முழுசா வாசிக்கேன், கேளுங்க. மனசு லேசாயிரும்” என்று ஆரம்பித்தாள். பாதி வந்ததும் தடுமாறினாள். என்னவென்றால், நீதிமான் பனையாக வளருகிற அதே சங்கீதப் பாட்டில், அதற்கு நாலைந்து வசனம் முன்னால், துன்மார்க்கன் புல்லைப் போலத் தழைப்பான் என்று இருக்கிறது.

இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ நான் சாவப்போறது மட்டும் இல்ல. துன்மார்க்கன் வேற!”

“மாமா, அப்படி இல்ல மாமா…”

“இல்லம்மா, நல்லா எய்திகீது. அவ பனமரம், நீதிமான். நான் புல்லு. நாப்பத்தெட்டு வருசமா இவகூட குடும்பம் நடத்துனதுக்கு இதான் கூலி.”

மருமகள் அழாத குறையாக அடுப்படிக்கு ஓடினாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பாஸ்டரை வரவழைத்தேன். நல்ல மனிதர், சின்ன வயது, டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார், பிஸ்கட்டை மட்டும் ஆறு சாப்பிடுவார். என் சந்தேகத்தை அவர்முன் வைத்தேன்.

“பாஸ்டர், ஒரே புக்குல ஒரு பக்கம் மனுசன் பனமரம். இன்னொரு பக்கம் புல்லு. ஒரு எடத்துல ஆயுசு எழுவது, தெம்பு இருந்தா எம்பதுன்னு சொல்லுது. இன்னொரு எடத்துல நூத்தி இருவதுன்னுது. எது கரீட்டு?”

“எழுவது தாண்டிட்டேன், இப்போ போனஸ்ல ஓட்டிகினு கீறேன்,” என்றார் இவர் கட்டிலிலிருந்து.

பாஸ்டர் யோசித்தார். “ரெண்டும் உண்மைதாம்மா. நம்ம சரீரம் புல்லைப் போல வாடும். ஆனா கடவுளோட வீட்ல நட்ட ஆத்துமா பனை மாதிரி நிக்கும்.”

எனக்கு இது பிடித்திருந்தது. அழகாகத்தான் சொன்னார். ஆனால் இவர் விடுவாரா?

“பாஸ்டர், கண்ணு எதுல கீது? ஒடம்புலயா, ஆத்துமாலயா?”

“ஒடம்புலதான் ஐயா.”

“அப்போ புல்லுக்கு எதுக்கு ஆபரேசன்?”

பாஸ்டர் ஏழாவது பிஸ்கட்டை எடுத்தார்.

நானும் என் அறிவுக்கு எட்டினதைச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் லைன் இருக்கிறது. அவரை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். நான் பிறந்தது அத்திப்பட்டுப் பக்கம். சின்னப் பெண்ணாக இருந்தபோது வழியெல்லாம் பனை. அப்புறம் அனல் மின்நிலையம் வந்தது, சாம்பல் வந்தது, இப்போது அண்ணன் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் தேடித்தான் ஒரு பனையைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தத் தண்டவாளத்துக்கு நடுவில் பாருங்கள். மேலே நிலக்கரி கொட்டுகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, வருடம் ஒருமுறை ஆள் வந்து செதுக்கிவிட்டுப் போகிறான். ஒரு மழை பெய்தால் போதும், ஜல்லிக்கு நடுவிலிருந்து புல் ஜோராக எட்டிப் பார்க்கிறது.

“பாருய்யா. பனமரம் பூட்ச்சி. புல்லு குந்திகினு கீது. எது கெட்டி?”

குனிந்து தடவிப் பார்த்தார். ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்தது.

“இது வேற புல்லு,” என்றார். “என்து வசனத்துல கீற புல்லு.”

பொங்கலும் போயிற்று. ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருந்தது. வேதமும் பாஸ்டரும் கூட்ஸ் லைனும் கைவிட்ட பிறகு, என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பொய். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

மதியம் அவர் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அவருக்குத் தெரியாது என்றாலும் அப்படிச் செய்தால்தான் எனக்குக் குரல் சரியாக வரும்.

“யோவ். ஒன்னு சொல்றேன். கத்தக் கூடாது.”

“சாவப்போறவன் இன்னாத்த கத்தப் போறேன்? சொல்லு.”

“பனமரம் ஒன்து. புல்லுதான் என்து. நான்தான் மாத்திட்டேன்.”

“இன்னா?”

“தாம்பாளத்துல வலது கையில எட்தது ஒனக்கு, எடது கையில எட்தது எனக்குன்னு மனசுல நெனச்சிகினுதான் எட்தேன். வலது கை அட்டைலதான் பனமரம் இருந்திச்சி. பட்ச்சப்போ ஆசப்பட்டு என்துன்னுட்டேன்.”

திட்டுவார், எழுந்து நடப்பார், ‘அப்போ நான் சாவலியா’ என்று குதிப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ கட்டிலின்மேல் கையால் தேடினார். தலையணையைப் பிடித்தார், விட்டார், போர்வையைப் பிடித்தார், விட்டார், கடைசியில் என் கையைப் பிடித்தார்.

“ஆபரேசன் என்னிக்கின்னு சொன்னான்?”

“திங்கக்கெயமே. ஏன்?”

“ஏன்னா? நீ கீற வரைக்கும் ஒனக்கு யாரு பட்ச்சி காட்டறது?”

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதுவும் பொய்தான்.

அதிலிருந்து நான் சாக ஆரம்பித்தேன். அவர் மாதிரி கஷ்டப்பட்டு அல்ல, சுகமாக. இவர் சட்டைப் பையிலிருந்த புல் அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பனையை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு காசிமேட்டுக்கே போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். “நல்லா துண்ணு” என்றார். நான் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் “வுடு, வுடு” என்றார். கல்யாணமான புதிதில்கூட இப்படி இல்லை. இது முன்னமே தெரிந்திருந்தால் பத்து வருடத்துக்கு ஒருமுறை செத்திருப்பேன்.

ஆனால் பொய்க்கும் கூலி உண்டு. இவர் பெண்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டார். பதினொரு பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். அதில் ஒருத்தி என் வெண்கலப் பானையையே பார்த்துக்கொண்டு ஜெபித்தாள். அப்புறம் என்னை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாமே நல்லா இருக்கேம்மா. உங்களுக்கு என்ன பிரச்சனை?”

“புல்லு,” என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒரு கண் ஆபரேஷன் ஆயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரும்மா நீ? என் பொண்டாட்டி இன்னும் கொஞ்சம் நல்லா இருப்பாளே.”

நர்ஸ் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த பஞ்சு விழுந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து அடுத்த கண். அதற்கப்புறம் கண்ணாடி.

கண்ணாடி வந்த அன்றைக்குச் சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேதப் புத்தகத்தை எடுத்தார். நான் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மருமகளும் வந்து நின்றாள். புத்தகத்தைத் திறந்ததும் நான் உள்ளே வைத்திருந்த புல் அட்டை கீழே விழுந்தது. எடுத்தார். புதுக் கண்ணுக்கு எல்லாவற்றையும் படிக்க ஆசை. பெரிய எழுத்தைப் படித்தார். அதற்குக் கீழே எறும்பு மாதிரி இருந்ததையும் படித்தார். முகம் மாறியது.

“இன்னாடி இது?”

“இன்னா?”

“‘முதலாம் ஆண்டு நினைவு. மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.’ பேரும் போட்டுகீது, என்கூட வின்ச் ஓட்டுனவனோட நெனவு நாள் அட்டடி!”

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதருக்கு சர்ச்சில் நினைவு ஆராதனை நடந்தது. வாசலில் ஒரு கையில் அட்டையும் இன்னொரு கையில் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள். அட்டையைப் பைக்குள் போட்டேன். எனக்குப் பொட்டலம் மட்டும்தான் நினைவில் நின்றது.

இவர் மருமகளைப் பார்த்தார். “நீயாவது பாக்கக் கூடாதாம்மா?”

“சின்ன எழுத்த வாசிக்கதுக்குள்ள நீங்கதான பிடுங்கிட்டீங்க மாமா!”

“அப்போ செத்தவனுக்குச் சொன்னத்த கேட்டுகினு நான் ரெண்டு வாரம் படுத்துகினு இருந்தேனா?” என்றவர் சட்டென்று நிறுத்தினார். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். “இரு, இரு. இது தாம்பாளத்துலயே இல்லன்னா, எடது கையில எட்தேன், வலது கையில எட்தேன்னு சொன்னியே. அது இன்னா?”

“பால் வெச்சிட்டு வந்தேன்…”

“குந்துடி.”

உட்கார்ந்தேன்.

“உடான்ஸ் உட்டியா?”

“ஆமா.”

“வஞ்சிரம் துண்ணியே!”

“நல்லா இருந்திச்சி.”

அட்டையைப் பாயில் போட்டார். அப்புறம் அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வருவதற்கு முன்னால் வயிறு குலுங்குவது அவருடைய சிரிப்பு. நானும் சிரித்தேன். மருமகள்தான் வேலையைப் பார்த்தாள். “அத்தை, நீங்க தாம்பாளத்துல ரெண்டு அட்டை எடுத்தீங்க. பனை ஒண்ணு. இன்னொண்ணு எங்க?”

பையைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தாள். மாத்திரை, சீப்பு, விசிறி எல்லாம் விழுந்தது. அட்டை இல்லை. உள் துணி கிழிந்திருந்த ஓட்டைக்குள் விரலை விட்டாள். மடங்கிப்போய் ஒன்று வந்தது. இவர் வாங்கி, நிமிர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு எங்களிடம் சொல்லவில்லை.

“இன்னாய்யா போட்டுகீது?”

“ஒன்னும் இல்ல.”

“சொல்லுய்யா!”

“என்னிய புள்ளகுட்டியோட மிகவும் அதிகமா பலுகிப் பெருகப் பண்ணுவாராம்.”

மருமகள் அடுப்படிக்கு ஓடிய வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டாள். எழுபத்து மூன்று வயதுக்காரரும் அறுபத்தெட்டு வயதுக்காரியும் பாயில் உட்கார்ந்துகொண்டு அட்டையை மாற்றி மாற்றித் தள்ளினோம்.

“இது ஒன்துதான், நீயே பெருகு.”

“எனக்கு இன்னாத்துக்கு? பனமரம் என்து. மொதல்லயே சொன்னேன்.”

“அப்போ அது ஒன்துன்னியே?”

“அது அப்போ.”

இன்றைக்கு வரைக்கும் எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து நிலைக்கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறோம்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புல் வசனம் இருக்கும் சங்கீதத்தைத் தேடி எடுத்தார். இரண்டு வாரம் தன்னைப் படுக்க வைத்ததை முழுசாகப் பார்க்க வேண்டுமாம். தடுக்கித் தடுக்கி ஆரம்பித்தார். ஐந்தாவது வசனத்தில், கழுகு வருகிற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“அடியே. இங்க வயசு திரும்பவும் எளசாவும், கயுகு மாரின்னு போட்டுகீது.”

“எங்க? புல்லு பாட்டுலயா?”

“அதே பாட்டுதான். பத்து வசனம் தள்ளி புல்லு.”

“மேல கயுகு, கீய புல்லா? பாத்தியா, நான் அன்னிக்கே பாஸ்டரு கைல சொன்னேன். இப்டி மாத்தி மாத்தி சொன்னா எத்த நம்பறது?”

இவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ சொல்லல? சீக்கிரம் சாவுய்யான்னியே, அதே மூச்சுல கொயம்பு ஆறுதுன்னு சொல்லல? நான் எத்த நம்பனேன்? வந்து துண்ணல?”

பின்னால் கூட்ஸ் வண்டி ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனது. அது போய் முடிகிறவரை காத்திருந்தார். அப்புறம் விரலை வசனத்தின்மேல் வைத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

“யோவ்,” என்றேன், “கயுகு எத்தினி வருசம் இருக்கும்?”

“குறுக்க பேசாதடி.”